சிவப்பு நூல் கண்ணுக்கு, கறுப்பு நூல் காதுக்கு

1. "நல்லா வேலை செய்யுது"

கண்ணைக் காட்டிவிட்டுப் போன நான்காம் நாள் காலையில் அஞ்சலை மறுபடி வந்தார். இடது இமை வீங்கி மூடியிருந்தது. கன்னம் வரை நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆனால் குறை சொல்ல வரவில்லை.

"மருந்து நல்லா வேலை செய்யுது நர்சம்மா. போட்டா உசுரு போற மாதிரி எரியுது. நீங்க சொன்னபடி ஒரு வேளைகூட விடல. தீந்துபோச்சு, இன்னொரு குப்பி குடுங்க."

நான் நர்ஸ் இல்லை, பார்மசிஸ்ட். வேதாரண்யம் பஸ் போகும் சாலையை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு அது முதல் வேலை. சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வெள்ளைப் புடவை கட்டியவள் எல்லாம் நர்சம்மா என்பது அந்த ஊர்க் கணக்கு. திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அவருக்குக் கொடுத்தது குளோரம்பெனிகால் கண் சொட்டு மருந்து. அது லேசாகக் கரிக்கும், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். உயிர் போகிற மாதிரி எரியாது.

"குப்பியைக் கொண்டாந்தியா?" என்றேன். அப்போதெல்லாம் கூலிக்காரர்களை 'நீ' என்றுதான் பேசுவோம், வயதில் மூத்தவர்களைக்கூட. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடியில் மிச்சமிருந்த ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்தேன். எண்ணெய் மாதிரி வழுக்கியது. கண் மருந்து தண்ணீர் மாதிரி இருக்கும். வழுக்குவது காது மருந்து. மருந்தின் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் காதுக்குள்ளது பல மடங்கு வீரியம், அதைக் கரைத்திருக்கும் திரவமும் வேறு.

அவரைப் பெஞ்சில் படுக்கவைத்து, சலைன் பாட்டிலை உடைத்து, கால் மணி நேரம் கண்ணைக் கழுவினேன். டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கருவிழியில வெள்ளையா விழுந்திருக்கு. ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க. தஞ்சாவூருக்குப் போகட்டும்."

2. குப்பிகள்

இன்றைக்குப் பார்மசி படிக்கிறவர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும், நடந்தது இதுதான். எங்களுக்குச் சொட்டு மருந்து பெரிய பாட்டிலில் வரும். அதைப் பிரித்துக் கொடுக்கச் சின்ன பாட்டில் வராது. பென்சிலின் ஊசி மருந்து தீர்ந்த குப்பிகளைக் கழுவி, கொதிக்கவைத்து, அவற்றில்தான் ஊற்றிக் கொடுப்போம். கூடவே ஒரு இங்க் ஃபில்லர்.

கண்ணுக்கும் காதுக்கும் ஒரே மாதிரிக் குப்பி. லேபிள் ஒட்டினால் ஈரக்கை பட்டு மறுநாளே உரிந்துவிடும். உரியாவிட்டாலும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் ஒரு யோசனை செய்தேன். தையல்காரரிடம் இரண்டு நூல்கண்டு வாங்கினேன். கண் மருந்துக் குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல், காது மருந்துக்குக் கறுப்பு நூல். கண் நோய் வந்தால் கண் சிவக்கும், எனவே சிவப்பு. யாருக்கும் மறக்காது.

டாக்டர் பாராட்டினார். நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

3. பாக்குவெட்டி

அந்த வருடம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு விவசாயக் கூலிகளின் சங்கம் வேலைநிறுத்தம் செய்து, இரண்டு தரப்பிலும் மண்டை உடைந்து, கடைசியில் ஒப்பந்தம் ஆகி அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் தாளில்தான். சாலை முக்கில் போலீஸ் கூடாரம் அப்படியே இருந்தது.

அஞ்சலைக்குப் பண்ணைக் களத்தில் நெல் தூற்றும்போது சுணை கண்ணில் விழுந்திருந்தது. முதல் நாள் காலையில் டாக்டர் பார்த்துவிட்டு, "சின்னப் புண்தான். மருந்து ஒழுங்கா போட்டா ஒரு வாரத்துல ஆறிடும்" என்றார். குப்பிகள் அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தன. பிற்பகல் வரச் சொன்னேன். களத்தை விட்டு இரண்டாம் முறை வர அவரால் முடியவில்லை.

பிற்பகலில் பண்ணைக் காரியஸ்தர் சாமிநாதன் சைக்கிளில் வந்தார். பண்ணைக்குச் சொந்தக்காரரான மிராசுதாரின் மருமகளுக்குக் காதில் சீழ். அந்த மருந்துக்கு வந்தவர், "அஞ்சலை மருந்தையும் குடுங்கம்மா, களத்துக்குத்தான் போறேன்" என்றார். இரண்டையும் கொடுத்தேன்.

"சிவப்பு நூல் கண்ணுக்கு, கறுப்பு காதுக்கு. மாறிடக் கூடாது."

"இது தெரியாதாம்மா எனக்கு?" என்று சட்டையின் இரண்டு பைகளிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

அஞ்சலையைத் தஞ்சாவூருக்கு அனுப்பிய அன்று மாலை சாமிநாதனைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"ஆஸ்பத்திரி வாசல்லயே நூலை அறுத்துட்டேன் டாக்டர். பாக்குவெட்டி கையிலதான் இருந்துச்சு."

"ஏன்யா அறுத்த?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? சிவப்பு மட்டும்னா சங்கத்துக் கொடி. கறுப்பும் சிவப்பும் சேந்தா ஆளுங்கட்சிக் கொடி. ரெண்டும் எங்க ஐயாவுக்கு ஆகாது. இருக்கிற நெலமையில அதை வீட்டுக்குள்ள கொண்டுபோனா என் கதி என்னாவுறது?"

"அப்புறம் எது எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"வலப்பக்கம் இருந்தது காதுன்னு ஞாபகம் வச்சிருந்தேங்க. வழியில சைக்கிள் செயின் கழண்டுது. ரெண்டையும் வெளிய எடுத்து வச்சிட்டு மாட்டினேன்."

மருமகளுக்குக் காதில் கண் மருந்து போயிருந்தது. அதனால் கெடுதல் எதுவும் இல்லை, சீழ் நிற்கவில்லை, அவ்வளவுதான். அஞ்சலைக்கு ஆற வேண்டிய புண்ணின் மேல் நான்கு நாள் காது மருந்து விழுந்தது. எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று அவர் நம்பினார். ஊரே அப்படித்தான் நம்பியது. எரிந்தால் நிறுத்திவிட்டு ஓடி வா என்று நான் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தஞ்சாவூரிலிருந்து திரும்பினார். இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்றார்கள்.

4. முதல் சொட்டு

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை நான் மாற்றாத வழக்கம் ஒன்று உண்டு. நோயாளி வராமல் சொட்டு மருந்து கிடையாது. முதல் சொட்டு என் எதிரில் விழ வேண்டும். கையைக் கழுவு, அண்ணாந்து பார், கீழ் இமையை இழுத்து அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு விடு. முனை கண்ணிலோ இமையிலோ விரலிலோ படக் கூடாது. காதுக்கு என்றால் குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்று, ஒருக்களித்துப் படுத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் அப்படியே கிட. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று டாக்டர் பார்க்காமல் காதில் எதுவும் விடாதே. ஒருவர் மருந்து ஒருவருக்குத்தான், புருஷனுக்கும் கிடையாது. சுகமாகிவிட்டது போலிருந்தாலும் சொன்ன நாள் வரை போடு. மீந்ததைக் கொட்டிவிடு. எரிச்சல் அடங்காவிட்டால் நிறுத்திவிட்டு உடனே வா.

தினம் நூறு பேருக்குச் சொல்வேன். அப்புறம் என்னிடமே திருப்பிச் சொல்லச் சொல்வேன். "இந்தம்மாகிட்ட மருந்து வாங்குறதுக்குப் பரீட்சை எழுதலாம்" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

5. திருத்திய தாள்

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

ஜில்லா அலுவலகத்திலிருந்து அறிக்கை கேட்டார்கள். டாக்டர் எழுதினார்: 'நோயாளியின் கவனக்குறைவால் காது மருந்து கண்ணில் இடப்பட்டது.' காரியஸ்தர் பெயர் அதில் இல்லை. நூலைப் பற்றி இல்லை, லேபிள் இல்லாத குப்பியைப் பற்றி இல்லை. "பண்ணையைப் பகைச்சுக்க வேண்டாம். உங்களுக்கும் வேலை முக்கியம் பாருங்க" என்றார். தகுதிகாண் பருவம் முடிய எனக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

தை மாதம் அஞ்சலை வந்தார். சங்கத்துக்காரர்கள் அவருக்கு உதவி கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். ஜில்லா அலுவலகத்தில் அந்த அறிக்கையைக் காட்டி மனுவைத் தள்ளிவிட்டார்கள். பதில் தாளை மருந்து கொடுக்கும் ஜன்னல் கட்டையில் வைத்தார். கோபம் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"நான் மாத்திப் போட்டுட்டேன்னு எழுதியிருக்காமே நர்சம்மா. எனக்கு ஒரு குப்பிதானே குடுத்தாங்க. நான் எதை எதோட மாத்துவேன்?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, அவரை உள்ளே வரச் சொல்லி ஸ்டூலில் உட்காரவைத்து, ஜில்லா அலுவலகத்துக்கு எழுத ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். குப்பியில் லேபிள் இல்லை என்று எழுதினேன். நூல் கட்டியது நான், அதை அறுத்தது காரியஸ்தர், நோயாளியை நேரில் பார்க்காமல் வேறொருவரிடம் மருந்து கொடுத்தனுப்பியது நான், முந்தைய அறிக்கையில் நான் போட்ட கையெழுத்து தவறு என்று எழுதினேன். முடிக்கும் வரை அவர் அசையவில்லை.

"படிங்க" என்றார்.

படித்தேன்.

"எனக்கு ஒண்ணுதான் குடுத்தாங்கங்கறது வரலியே."

அந்த வரியையும் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் எழுந்து போனார்.