குளிக்கா விரதம்

பஞ்சநதத்துக்கு வாதம் வந்தபோது வலது கை போனது, வலது கால் போனது. வாய் மட்டும் போகவில்லை. அதுவும் போயிருந்தால் தேவலை என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். காதும் நன்றாகத்தான் கேட்டது.

வயது எழுபத்தொன்பது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை, குத்தகைக்கு விட்டாயிற்று. ஒரே மகன் அரவிந்தன் கனடாவில் பனி வாரிக்கொண்டிருந்தான். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பூவம்மாள் வந்து சமைத்துப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். அவரைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, திட்டினால் பதிலுக்குத் திட்டி மனுஷனாக வைத்திருந்தது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து வந்த அம்சம்தான். ஏஜென்சிக்கு மகன் மாதாமாதம் கட்டியது இருபத்திரண்டாயிரம். அம்சத்தின் கைக்கு வந்தது ஒன்பது. மிச்சம் எந்த நோயாளியைத் துடைக்கப் போனதோ!

வைகாசி வெயிலில் அம்சமும் இன்னும் முப்பத்தொரு பேரும் ஏஜென்சி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கூலியைக் கூட்டிக் கொடு, வாரம் ஒரு நாள் லீவு கொடு. அவ்வளவுதான் கேட்டது. முதலாளி சூர்யபிரகாஷ் மூன்றாம் நாளே வெளி ஜில்லாவிலிருந்து வேனில் ஆட்களை இறக்கினார்.

வேன் கதையைக் கேட்டதும் பஞ்சநதம் கட்டில் குலுங்கச் சிரித்தார். அவர் பார்க்காத வேனா? ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அறுவடை நேரத்தில் அரைப்படி நெல் கூடக் கேட்டு ஊர் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தபோது, லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியவரே அவர்தான்.

"அன்னைக்கு நெல்லு வாயைத் திறக்கல, யாரு அறுத்தாலும் அறுபட்டுச்சு," என்றார் பூவம்மாளிடம். "நான் நெல்லு இல்ல பாரு."

அம்சம் மேல் பாசம் பொங்கிவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். அவருக்கு அம்சம் வேண்டும். வேறு யார் தொட்டாலும் உடம்பு கூசியது. உண்ணாவிரதம் இருக்கத்தான் முதலில் நினைத்தார். சர்க்கரை மாத்திரை குறுக்கே நின்றது, போதாததற்குப் பூவம்மாள் அன்றைக்கு வெண்பொங்கல் செய்திருந்தாள். கடைசியில் குளிக்கா விரதம் என்று அறிவித்தார். உடம்பில் தண்ணீர் படக்கூடாது, தாடியில் கத்தி படக்கூடாது. வேனில் வந்து இறங்கிய ஆளிடம், "தம்பி, உன்மேல கோவம் இல்ல. டயப்பர் மட்டும் மாத்திவிடு. எந்த ஸ்டிரைக்லயும் அத்தியாவசிய சேவைக்கு விலக்கு உண்டு," என்றார்.

அதோடு விட்டாரா? இடது கையால் ஃபோனைத் தட்டி, அதே ஏஜென்சியிடம் மாட்டியிருந்த இரண்டு பேரைப் பிடித்தார். ஒருவர் இடுப்பெலும்பு உடைந்த கூறைநாடு ஜாபிர் பாய், இன்னொருவர் கை நடுக்கம் கண்ட மாலதி டீச்சர். ஆளுக்கு நாலு பேரிடம் சொன்னார்கள். ஒரு வாரத்தில் ஊரில் படுத்துக்கிடந்த பதினொரு உடம்பு நாற ஆரம்பித்தது. குளிப்பாட்டிய அத்தாட்சியாகத் தினமும் காலையில் அவரவர் பிள்ளைகளுக்கு ஏஜென்சி ஃபோட்டோ அனுப்பும். இப்போது போன ஃபோட்டோக்களில் பெரியவர்கள் பரட்டைத் தலையோடு நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார்கள்.

விரதத்தின் எட்டாம் நாள் அரவிந்தன் கூப்பிட்டான்.

"அப்பா, ஓனர்கிட்ட பேசிட்டேன். அம்சத்துக்கு மட்டும் அஞ்சாயிரம் கூட்டித் தர்றாராம். வெளியில சொல்லக்கூடாதாம். நாளைக்கே வந்துடுவாங்க. இனிமேலாவது குளிங்க."

பஞ்சநதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதுகு வேறு அரித்துப் பிடுங்கியது. உடனே பந்தலில் இருந்த அம்சத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.



"செவ்வந்திக்கு?" என்றாள் அம்சம். செவ்வந்தி மாலதி டீச்சரைப் பார்த்துக்கொள்பவள்.

"அவ கதை உனக்கென்ன? உனக்குக் கிடைக்குதுல்ல?"

"ஐயா, அன்னைக்கு அறுப்பு நின்னப்போ எங்க பெரியப்பாவுக்கு மட்டும் தனியா நெல்லு அளந்தீங்களாம். அவரும் வாங்கிட்டு வேலைக்கு வந்துட்டாரு. அப்புறம் சாவுற வரைக்கும் எங்க தெருவுல ஒருத்தரும் அவருகூடப் பேசல. அவரு தண்ணி புடிச்ச குழாயில கூட யாரும் புடிக்கல. நான் சின்னப் புள்ள, எனக்கே அவரோட பேசத் தடை. வச்சிடுறேங்கய்யா."

பஞ்சநதம் அன்றைக்கு மாலைப் பலகாரத்தைத் தொடவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் புதிதாக வந்த வெட்கம், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகனைக் கூப்பிட்டு, "முப்பத்திரண்டு பேருக்கும் குடுக்கச் சொல்லு. இல்லாட்டி இப்படியே செத்து நாறுவேன். நீதான் வந்து தூக்கணும்," என்று சொல்லி வைத்துவிட்டார். கனடாவிலிருந்து ஓனருக்கு எத்தனை ஃபோன் போயிற்றோ தெரியாது. மற்ற பத்துப் பேரின் பிள்ளைகளும் ஏஜென்சிக்குக் கட்டும் பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டும் பந்தலுக்குத் தெரிந்தது.

பதிமூன்றாம் நாள் எல்லோருக்கும் கூலி கூடியது. லீவைப் பற்றி அடுத்த மாதம் பேசுவோம் என்றார் முதலாளி. மறுநாள் காலை அம்சம் வந்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு வார்த்தை திட்டினாள், வெந்நீர் வைத்தாள். முதுகில் அழுக்கு உருண்டு உருண்டு வந்தது.

"இராஜாங்கம்தானே உங்க பெரியப்பா?" என்றார் பஞ்சநதம்.

தேய்த்த கை நின்றது. "ஆமா."

"அவன் மேல தப்பு இல்ல. மூணு நாளா அடுப்பெரியாத வூட்டுக்கு ராத்திரியில போயி நான்தான் ஆசை காட்டினேன். உங்க தெருவுல சொல்லிடு."

"நான் எதுக்கு? நீங்க வந்து சொல்லுங்க. வீல்சேர்ல நானே தள்ளிட்டுப் போறேன்."

எழுபத்தொன்பது வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் பஞ்சநதம் அந்தத் தெருவுக்குள் போனதில்லை. இடது கையால் தாடியைத் தடவிப் பார்த்தார்.

"அப்படின்னா சவரத்தையும் முடிச்சுடு," என்றார். "இந்த மூஞ்சியை வச்சிக்கிட்டா அவங்க முன்னாடி போயி நிக்கிறது?"