கொண்டை ஊசி வளைவில் நின்ற புள்ளி

போடியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. அந்த வேலை போக மிச்ச நேரமெல்லாம் ரேடியோப் பைத்தியம். ஹாம் ரேடியோ என்பார்கள். பரீட்சை எழுதி உரிமம் வாங்கினால் சொந்தமாக நிலையம் வைத்துக் காற்றில் பேசலாம். தனியாகப் படிக்கச் சோம்பல்பட்டு, என் மனைவியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பரீட்சை எழுதினேன். இரண்டு பேருக்கும் உரிமம் கிடைத்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தே அவள் தேறினாள் என்பதை அவள் வெளியில் சொன்னதில்லை.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் அவள் மேற்பார்வை பார்க்கிறாள். காலையில் காய் எடுக்கும் பெண்கள் பத்துப் பேரோடு ஜீப்பில் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. ஜீப்பு எங்கே நிற்கிறது, சரிந்த மண்ணுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல ஆளில்லை. மறுநாள் காலையில் அவள் நல்லபடியாக வந்து சேர்ந்தாள். அதுவரைக்கும் நான் பட்டதை அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் மேப்பு யோசனை வந்தது. அவள் பையில் சின்ன ரேடியோப் பெட்டி ஒன்று இருந்தால், தான் இருக்கும் இடத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது அலைவரிசையில் சொல்லிக்கொண்டே வரும். பட்டறை மாடியிலிருக்கும் என் ஏரியல் அதைக் கேட்கும். அதற்கான மென்பொருளைப் போட்டுவிட்டால், மலைப்பாதையில் ஒரு புள்ளியாகத் திரையில் காட்டும். உரிமத்தோடு ஆளுக்கொரு அழைப்புக்குறி தருவார்கள். பெட்டி அவளுடைய குறியில் பேசும். அவளும் சரி என்றாள்.

என்னிடமிருந்தது கிழட்டு லேப்டாப். முன்பிருந்த சிஸ்டம் அதில் நகரவே மாட்டேன் என்றதால் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டிருந்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அதைப்பற்றி என்னிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் தெருவில் ஏராளம்.

கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினால் மேப்பு மென்பொருளும் காசில்லாமல் தானே இறங்கி உட்கார்ந்துகொள்ளும் என்று அவளிடம் பீற்றியிருந்தேன். உட்காரவும் செய்தது. ஆனால் ரேடியோவைச் செருகினால் ‘அனுமதி இல்லை’ என்றது. என் லேப்டாப்பில் எனக்கே அனுமதி இல்லையா என்று கத்தினேன். அந்த இணைப்பைத் தொடலாம் என்றிருப்பவர்களின் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தேன். மறுபடி அதே பதில். இரண்டு நாள் கேபிளை மாற்றி மாற்றிக் குத்தி, லேப்டாப்பை அம்மிக்கல்லில் போட்டு நசுக்கலாமா என்ற அளவுக்கு வந்துவிட்டேன். கடைசியில் அவள் வந்து குறிப்பைப் படித்தாள்.

“சேத்த பெறகு ஒருக்கா வெளியேறி உள்ள வரணும்னு போட்டுருக்குல்ல? படிச்சீகளா இல்லையா?”

லேப்டாப்பில் லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தேன். வேலை செய்தது. அடுத்து, பட்டறை இருக்கும் இடத்தைக் குறிக்கும்போது அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டுவிட்டேன். என் பட்டறை வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலில் மிதந்தது. “ஸ்வெட்டர் எடுத்துட்டு வரவா?” என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள்.

இன்டர்நெட் நின்றாலும் தெரியும்படி மலைப்பகுதியின் படத்தை முழுதாக இறக்கி வைத்தேன். மறுநாள் சாயங்காலம், மெட்டைத் தாண்டி ஜீப்பு இந்தப் பக்கச் சரிவில் இறங்கியதும் திரையில் புள்ளி வந்தது. வளைவுக்கு வளைவு இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். பெருமை விடவில்லை. தெருவெல்லாம் சொன்னேன். ஜீப்பில் போகும் மற்றப் பெண்களின் வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சாயங்காலமானால் பட்டறைக்கு வர ஆரம்பித்தார்கள். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, காட்டினேன்.

மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் புள்ளி தினமும் முக்கால் மணி நேரம் நிற்கும். அதை நான் பார்த்திருந்தேன். பெரிதாக யோசிக்கவில்லை. ராசிங்காபுரத்தில் காய்கறி லோடு ஏற்றும் ஒருவர், அந்தப் பெண்களில் ஒருத்தியின் கணவர், ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

“அங்க என்னண்ணே சோலி? வண்டி மக்கரா?”

“இல்ல தம்பி, தெனமும் நிக்குது” என்றேன். யாரும் கேட்காத அந்தத் ‘தெனமும்’ என் வாயிலிருந்துதான் வந்தது.

அடுத்த நாள் இரவு சாப்பாடு முடிந்தது. என் மனைவி தட்டைக் கழுவி வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

“அந்த லோடுக்காரர் சம்சாரம் இனிமே வேலைக்கு வரமாட்டாளாம். தெனம் முக்கா மணி நேரம் எவன்கூட நிக்கிறன்னு கேட்டு, வெளிய விடமாட்டேன்னுட்டாராம்.”

“நான் என்ன பண்ணேன்? நின்னதத்தானே சொன்னேன்.”

“யாரக் கேட்டுச் சொன்னீக? அதுல பேசறது என்னோட குறி. என் பேர்ல நீங்க ஊருக்குப் படம் காட்டுறீக.”

 என் வாய் சும்மா இருக்கவில்லை. “சரி, அங்க என்னதான் செய்யிறீக?” என்று கேட்டேன்.

“சும்மா உக்காந்திருப்போம்.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதான். ஜீப்புக்காரத் தம்பி டீக்கடைக்குப் போயிருவாரு. நாங்க காத்தாட உக்காந்திருப்போம். தோட்டத்துல நின்னுக்கிட்டே எடுக்கணும். வீட்டுக்கு வந்தா ஒலை வைக்கணும். நடுவுல எப்பதான் உக்கார்றது?” அவள் குரல் உயரவே இல்லை. “நாளைக்கி அவ ஜீப்புல ஏறணும். எப்படின்னு நீங்களே பாருங்க.”

விடியற்காலையிலேயே அந்த லோடுக்காரர் வீட்டுக்குப் போனேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசலுக்கு வரவில்லை.

“தம்பி, மேப்பு தப்பு. அந்த வளைவுல மல மறைக்கிது. சிக்னல் வராததால புள்ளி பழைய எடத்துலயே நிக்கும். வண்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நான் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்.”

“தெனமும் நிக்குதுன்னு நீங்கதானண்ணே சொன்னீக?”

“ஆமா. தெனமும் தப்பாத்தான் காட்டுது.”

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். “ஓசியில கெடக்கிற சாப்ட்டுவேரு வேற எப்படிண்ணே இருக்கும்?”

இதை வேறு எவராவது சொல்லியிருந்தால் மதியம் வரை நின்று சண்டை போட்டிருப்பேன். “ஆமா தம்பி. ஓசி ஓசிதான்” என்றேன். வீட்டுக்குள்ளே சாப்பாட்டுத் தூக்கை மூடும் சத்தம் கேட்டது. அன்றைக்கு ஜீப்பில் பத்துப் பேரும் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பெட்டியைத் திறந்து, அவளே ஈயம் பற்றவைத்து, ஒரு சுவிட்சை மாட்டினாள். மெட்டில் இறங்கும்போது போடுவாள். அந்த வளைவு வந்ததும் அணைப்பாள். கிளம்பும்போது மறுபடி போடுவாள். அந்த நேரத்தில் பட்டறைக்கு யாராவது வந்து ஜீப்பு எங்கே வருகிறது என்று கேட்டால், தெரியவில்லை என்கிறேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. மலை மேல் மேகம் கூடும் நாட்களில் அந்த முக்கால் மணி நேரமும் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன். அதை அவளிடம் சொல்வதில்லை. சொன்னால் அவள் அங்கே இறங்கி உட்கார மாட்டாள்.