ஒரு சாபத்தின் நீளம்

இடது கையைக் குழித்து டார்ச்சின் மேல் கூரைபோலக் கவிழ்க்கிறாள் அக்கா. விமானத்துக்குள் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருக்க, அந்த உள்ளங்கை அளவு நிழல்தான் அவளுக்கு வாய்த்த இருட்டு. அதற்குள் ஒற்றைக் கண்ணை வைக்கிறாள். கடுகளவு சிவப்பு விளக்கு ஒருதரம் மினுக்குகிறது. உடனே அவள் உதடு அசையத் தொடங்குகிறது.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் விஷயம் தெரியும்.

“அப்பன் கட்டின வீட்ட எழுதி வாங்கினியே, அம்மா சங்கிலிய உருக்கி உன் பொண்டாட்டி கழுத்துல போட்டியே, என் கையெழுத்த நீயே போட்டியே, நீ செத்தாக்கூட வந்து உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

பணிப்பெண்கள் உட்காரும் மடக்கு இருக்கைக்குக் கீழே, ஒரு தாங்கியில் செருகியிருக்கும் அவசர டார்ச் அது. அதற்குச் சுவிட்ச் கிடையாது. தாங்கியிலிருந்து உருவினால் தானாக எரியும்; திரும்பச் செருகினால்தான் அணையும். எரிய வைத்துச் சோதித்தால் பேட்டரிதான் வீணாகும். அதனால் அதன் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு. பேட்டரி நல்ல உயிரோடு இருந்தால் பொட்டு அடிக்கடி மினுக்கும். தேயத் தேய இடைவெளி நீளும். பத்து விநாடி ஆகியும் மறுபடி மினுக்கவில்லை என்றால் மாற்றிவிட வேண்டும். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அக்கா தன் அண்ணனைத் திட்டுவாள். மெதுவும் இல்லாமல் வேகமும் இல்லாமல் திட்டினால் சரியாகப் பத்து விநாடி.

“பசி வந்தா எண்ணிக்க ஓடும், தூக்கம் வந்தா நடக்கும். ஆத்திரம் மட்டும்தான் என்னிக்கும் ஒரே வேகத்துல போகுது” என்பாள்.

நல்ல பேட்டரி அவளை வீட்டைத் தாண்ட விடாது. அங்கேயே மினுக்கி வாயை அடைத்துவிடும். கொஞ்சம் தேய்ந்தது சங்கிலிவரை விடும். கையெழுத்தும் போய்விட்டால் கிழம். முழுவதும் சொல்லி முடித்தும் பொட்டு இருட்டாகவே கிடந்தால், “செத்துட்டான்” என்று எழுந்து பேட்டரியை மாற்றுவாள். கம்பளத்தை உறிஞ்சும் இயந்திரத்தோடு பின்னால் வரும் துப்புரவுக்காரிகளுக்கு அதுதான் வேடிக்கை.

“அக்கா, இன்னிக்கு உங்க அண்ணன் எதுவரைக்கும் போனாரு?”

“சங்கிலி வரைக்கும் போனான். வழக்கம்போல திருப்பித் தராம வந்துட்டான்.”

சிரிப்பு விமானத்தின் வால்கோடிவரை போகும். அவள் சிரிக்க மாட்டாள். தன்னைப் பற்றி அவள் சொல்லும் ஒரே நகைச்சுவை அந்த டார்ச்சை வைத்துத்தான்: “நானும் இதுமாதிரிதாண்டி. எடுத்தா எரிவேன். வெச்ச எடத்துல வெச்சாத்தான் அடங்குவேன்.” சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். பேனாவை யாருக்கும் இரவல் தருவதில்லை. கேட்டால், “ஒருத்தருக்குக் குடுத்தேன், என் கையெழுத்தையே போட்டுக்கிட்டாரு” என்று பதில் வரும். கேட்டவர் அதற்குமேல் நிற்க மாட்டார்.

இப்போது மேற்பார்வை பார்ப்பவன் ஒருகாலத்தில் அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். வயதில் இளையவன், படிப்பில் இரண்டு வகுப்பு கூட. அதனால் அவன் மேலே போனான், அவள் இருக்கைக்குக் கீழேயே இருந்தாள். தனியாக இருந்தால் “தம்பி” என்பாள். நாலுபேர் நடுவில் “சார்” என்பாள். அந்தச் சாரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவனுக்கும் அந்தச் சாபம் மனப்பாடம். அண்ணனே இல்லாதவன், சிக்னலில் பச்சைக்குக் காத்திருக்கும்போது “அப்பன் கட்டின வீட்ட” என்று தன்னையறியாமல் தொடங்கியிருக்கிறான்.

முதலில் மூக்கை நுழைத்தவர் ஸ்டோர்காரர். “உங்க அக்கா பேட்டரிய மாத்துறாங்களா, இல்ல கடல மாதிரி கொறிக்கிறாங்களா? திரும்பி வர்றதெல்லாம் இன்னும் தெம்பாத்தான் இருக்கு. வீட்ல ரேடியோ கீடியோ ஓடுதோ என்னமோ!”

“வாயக் கழுவுங்க சார். அவங்க ஒரு ஆணியக்கூட எடுத்துட்டுப் போனதில்ல” என்று அவன் சண்டைக்குப் போனான். ஆனாலும் அந்தப் பேச்சு காதில் தங்கிவிட்டது.

பிறகு ஒரு காலை. பயணிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கிறார்கள். பின்பக்கம் இரண்டு டார்ச்சும் செத்துவிட்டன என்று அக்கா சொல்கிறாள். ஸ்டோரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. எல்லாம் அவள் மாற்றியதுதான். டார்ச் இல்லாமல் விமானம் நகரக் கூடாது. நகரத்தின் மறுகோடிக் கிடங்கிலிருந்து வண்டியில் பேட்டரி வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. குழந்தைகள் அழுதன, பெரியவர்கள் ஏசினார்கள். வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் சும்மா இருக்க முடியாமல் குனிந்து, கடிகாரத்தைப் பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்பதாவது விநாடியில் மினுக்கியது. மறுபடியும் ஒன்பதில். கிழம்தான், ஆனால் சாகவில்லை. விமானம் நின்றது வீணுக்கு.

“அக்கா, இன்னொரு தரம் பாருங்க.”

அவள் மண்டியிட்டுக் கையைக் கவிழ்த்தாள். அவன் அவள் உதட்டைப் பார்த்தான். வீடு போனது. சங்கிலி போனது. “என் கையெழுத்த நீயே போட்டியே” என்றாள். அதோடு உதடு மூடிக்கொண்டது. “செத்துட்டான்” என்று அவள் எழுந்த பிறகுதான் உள்ளங்கை விலகிய இடத்தில் பொட்டு மினுக்கியது.

“கடைசித் துண்டு எங்கக்கா?”

“எந்தத் துண்டு?”

“செத்தாக்கூட வந்து...” அவனால் அவள் முகத்துக்கு நேரே அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை.

அக்கா அந்த மடக்கு இருக்கையை இறக்கி அதில் உட்கார்ந்தாள். இத்தனை காலத்தில் அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அளவுகோலின் நுனி ஒடிந்தது தெரியாமல் அளந்துகொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது போலிருந்தது. நாக்கு எதையோ தேடி வாய்க்குள் ஒருமுறை சுற்றி வந்தது.

“தேஞ்சு போச்சு தம்பி” என்றாள்.

“ஏதாச்சும் பிரச்சனையாக்கா? சொன்னீங்கன்னா மேல பேசிப் பாக்குறேன். வேலைக்கே வேட்டு வைக்கணும்னு நிக்கிறாங்க.”

“பல்லு வலி.”

போன வாரம் ஒருநாள் லீவு கேட்டபோதும் பல்வலி என்றுதான் சொல்லியிருந்தாள். அவன் நம்பினான். வாய் வலித்தால் சாபம் குறையும்தானே என்றுகூட நினைத்தான்.

மேலே இருந்தவர்களுக்குப் பல்லும் வேண்டாம், சொல்லும் வேண்டாம். விமானம் நின்றதற்கு ஒரு தலை வேண்டும். வேலை போகாமல் அவன் காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். இருக்கை வார் தைக்கும் அறைக்கு மாற்றினார்கள். டார்ச்சைப் பார்க்க இனிமேல் கடிகாரம் கட்டிய கை. தகவலைச் சொல்லப் போனவனிடம், அத்தனை பேர் நடுவில், “ரொம்ப நன்றி தம்பி” என்றாள். “சார்” என்று சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்டோர்காரர் கையில் தேநீரோடு பின்னாலேயே நின்றிருந்தார். “விடுங்கம்மா. அங்க உக்காந்த எடத்துல வேல.”

“ஆமாமா. வாரு கண்ணு சிமிட்டாது. யாரையும் திட்டவும் வேண்டியதில்ல” என்றபடி அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இப்போது அந்த அறையில் ஊசி ஏறி இறங்கும் சத்தம் மட்டும்தான். அவள் உதடு அசைவதில்லை என்கிறார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் மேற்பார்வையாளன் தன் குழந்தைக்கு இருமல் மருந்து வாங்க நின்ற கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் அக்காவின் மகள் இருந்தாள். அங்கே வேலை செய்கிறாளாம். அம்மாவுக்குப் பல்வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

“பல்லா? அம்மாவுக்குப் பல்லுல ஒண்ணுமில்லயே” என்றாள். பிறகு அவளே, “உங்ககிட்ட சொல்லவே இல்லயா? மாமா செத்துட்டாரு. அதுக்குத்தானே லீவு போட்டாங்க. வரவே மாட்டேன்னாங்க, நான்தான் ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்னு இழுத்துட்டுப் போனேன்.”

மருந்துச் சீசாவை உறையில் போட்டபடியே சொன்னாள். “எல்லாரும் அழுதாங்க, அம்மா அழல. நேரா போயி மாமா மூஞ்சிகிட்ட குனிஞ்சு, அந்தத் திட்ட ஆரம்பிச்சாங்க. வீட்ல முட்ட வேக வைக்கக்கூட அதத்தான் சொல்லுவாங்க, எனக்குத் தெரியாதா? கையெழுத்து வரைக்கும் வந்தாங்க. அதுக்கு மேல சொல்ல முடியாதில்ல, அதான் வந்து மூஞ்சியப் பாத்துட்டாங்களே. அப்பிடியே நின்னுட்டாங்க. கைய மட்டும் எடுக்கவே இல்ல சார், பெரியம்மாதான் வந்து எடுத்துவிட்டாங்க.”

“எந்தக் கைய?”

மகள் தன் இடது கையைக் குழித்து, மூடிய ஒரு கண்ணின் மேல் கவிழ்ப்பதுபோல, மேசைக் கண்ணாடியின் மேல் வைத்துக் காட்டினாள்.