பெட்டி மட்டும் வந்தது

தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அவள் வாயையே பார்ப்பார்கள். அவள் பல்வரிசையில் ஒரு குறையும் கிடையாது. மற்றவர்களுக்குப் பல் செய்து கொடுக்கிறவள், அவ்வளவுதான். மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அவள் வேலை பார்க்கும் கூடம். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் கல்லாக இறுகும் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டுப் பொய்ப்பல் செட் தயாரிப்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலைதான். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் மெழுகு வாசனை போகாது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போய்க் கீழே வருவதைத் தவிர வேறு பயணமே அறியாதவன் நான் என்று தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். பல்லக்காவும் விமானத்தில் ஏறியவள் இல்லை. ஆனால் விமானத்தை அவளைப் போல் திட்டியவர்கள் அந்தத் தெருவில் யாரும் இருக்க முடியாது. அதற்குக் காரணம் குட்டி.

குட்டி அவளுடைய ஒரே தங்கை. அம்மா பிஸ்கட் ஃபேக்டரியில் ஷிப்டு மாற்றி ஷிப்டு போனவள் என்பதால், குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது எல்லாம் அக்காவின் தலையில் விழுந்தது. இருவருக்கும் ஒரே கட்டில், ஒரே போர்வை. குளிர்காலத்தில் குட்டி தன் ஐஸ் மாதிரி பாதங்களை அக்காவின் கெண்டைக்கால் நடுவில் சொருகிக்கொள்வாள். தள்ளிவிட்டாலும் தூக்கத்திலேயே தேடிக்கொண்டு வரும் அந்தப் பாதங்கள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகும், நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற இப்போதும், அவள் குட்டிதான். அங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இங்கே அக்கா வேலை முடிந்து வீடு திரும்பும்போது அங்கே அவள் கண்விழிப்பாள்.

போனவள் திரும்பி வரவே இல்லை. வர முயற்சி செய்யாமல் இல்லை. முதல் தடவை டிக்கெட் வாங்கி, லீவு சொல்லி, பெட்டிகூட அடுக்கிவிட்டாள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அந்த விமானக் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். போன் போட்டால் பாட்டு மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. பிறகு குழந்தைகள், குடியுரிமைக் காகிதங்கள் என்று வருஷங்கள் ஓடின.

இரண்டாவது தடவை அம்மாவுக்காக. அம்மா ஒரு காலையில் சமையலறையில் விழுந்து, எழுந்திருக்கவே இல்லை. குட்டி கட்டியிருந்த துணியோடு கிடைத்த விமானத்தில் ஏறினாள். நடுவில் மாறி ஏற வேண்டிய ஊரில் பனி கொட்டியது. ஓடுபாதையை மூடிவிட்டார்கள். கோட்டைத் தரையில் விரித்து, ஆயிரம் பேருக்கு நடுவில் இரண்டு ராத்திரி கிடந்தாள். கவுண்டரில் கேட்டால் திரையைப் பாருங்கள் என்றார்கள். திரையைப் பார்த்தால் கவுண்டரில் கேளுங்கள் என்று எழுதியிருந்தது. அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. போனில் அழுதவளிடம் அக்கா சொன்னாள்: "இனிமே வந்து என்னடி பண்ணப்போற? திரும்பிப் போ."

குட்டி திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் போன் வந்தது. ஆனால் பேச்சில் உப்பு குறைந்துவிட்டது. சாப்பிட்டியா, அங்கே மழையா, மாமா முதுகுவலி எப்படி இருக்கு என்று தூரத்து உறவு மாதிரி விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள். அக்காவுக்கு அது உறுத்தியது. எங்கே தொட்டுப் பேச்சை எடுப்பது என்று தெரியவில்லை. எதிரே உட்கார்ந்தால் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிடலாம். அந்தச் சின்னத் திரையில் தெரியும் முகத்தை எப்படிப் பிடிப்பது?

இப்படியிருக்கும்போதுதான் குட்டியின் மாமியாருக்கு ஆபரேஷன் வந்தது. மாமியார் வேறொரு தேசத்தில் மகளோடு இருந்தார். ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள குட்டி கிளம்பினாள். அந்தப் பயணத்தில் விமானம் மாற வேண்டிய ஊர் எது தெரியுமா? அக்காவின் ஊர். காலையில் இறங்கினால் மாலையில்தான் அடுத்த விமானம். வெளியே வர விசாவும் வாங்கிவிட்டாள். "வீட்டுக்கு வந்து குளிச்சு, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் உன் பக்கத்துல படுத்துட்டுப் போறேன்க்கா" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு பழைய குட்டியின் குரல்.

பல்லக்கா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்தாள். கட்டிலுக்குப் புது விரிப்பு. கூடத்தில் லீவு கேட்டபோது முதலாளி காரணம் கேட்டார். சொன்னதும், மூன்று செட்டு பாக்கி இருக்கே என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, நானே பார்த்துக்கிறேன் என்றார்.

அன்று காலை கணவனும் மனைவியும் வருகைப் பகுதிக் கம்பிக்கு முன்னால் நின்றார்கள். நேரே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தது என்றாலும், வழியில் பசிக்கும் என்று கையில் ஒரு சாப்பாட்டுப் பையும் இருந்தது. பலகையில் குட்டியின் விமானத்துக்கு நேராகத் தாமதம் என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் மேலும் தாமதம். புறப்பட்ட இடத்திலேயே ஏதோ கோளாறு என்று எல்லோரையும் இறக்கி மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற ஒருவர் உட்கார இடம் தேடிப் போனார். மதியம் தாண்டி விமானம் ஊருக்கு மேல் வந்தும் இறங்க இடமில்லாமல் சுற்றியது. இறங்கியும் கதவு திறக்கவில்லை. படிக்கட்டு வண்டி வேறெங்கோ இருக்கிறதாம். "லிஃப்ட்டு வெச்சிருந்தா நான் போய்த் திறந்து விட்டுருப்பேன்" என்றார் கணவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாகக் கதவு திறந்த பிறகு அவள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. ஏமாற்றுக்காரன் வேலை என்று அழித்துவிட்டாள். மறுபடியும் வந்தது, மறுபடியும் அழித்தாள். பிறகு தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"அக்கா, நான்தான். யார்கிட்டயோ போன் கடன் வாங்கிப் பேசுறேன். இங்க நெட் வேணும்னா உள்ளூர் நம்பர் கேக்குது. உன் நம்பரைக் குடுத்திருக்கேன். அந்த எண்ணைச் சொல்லு."

மூன்றாவது எண்ணை அக்கா படித்துச் சொன்னாள். அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. வெளியே வரும் வரிசை பாம்பு மாதிரி மடங்கி மடங்கிக் கிடக்கிறது. வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். கணவர் ஓடிப்போய் உதவி மேஜையில் இருந்த பெண்ணிடம் கெஞ்சினார். அவள் பாவம், நல்லவள். தன்னால் எதுவும் செய்ய முடியாது என்பதை மூன்று விதமாகச் சொன்னாள்.

ஒரே கட்டடம். நடுவில் இத்தனை சுவர்.

"அக்கா, நான் மாடியில கண்ணாடி பக்கத்துல நிக்கிறேன்" என்றாள் குட்டி. "எதிர்ல கார் நிறுத்துற கட்டடம் தெரியுது. மேல தண்ணித் தொட்டி."

அவ்வளவுதான், பல்லக்கா ஓடினாள். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைத் தளத்துக்கு மூச்சிரைக்க ஏறி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எதிரே பார்த்தாள். நீளமாக ஓடியது கண்ணாடி. அதன் பின்னால் சிவப்பு உடுப்பில் ஓர் உருவம். குட்டி சிவப்புதான் போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தாள். பல்லக்கா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அந்த உருவமும் கையை ஆட்டியது. அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "நல்லா இருக்கியாடி, நல்லா இருக்கியாடி" என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அக்கா, நீ யாருக்குக் கை காட்டுற? நான் இந்தக் கடைசியில நிக்கிறேன்."

திரும்பிப் பார்த்தால் வெகு தூரம் தள்ளி, தூணுக்குப் பக்கத்தில், இன்னொரு சிவப்பு. முதல் சிவப்பில் நின்றது யாரோ ஒரு பெண்மணி. பாவம், மரியாதைக்குக் கை அசைத்திருக்கிறாள். கணவர் அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டார். அக்கா தளத்தின் மறுகோடிக்கு ஓடினாள். இப்போது நேருக்கு நேர். முகம் தெரியவில்லை. கட்டை விரல் அளவு உருவம், காதில் போன், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒரு கை. உயரம் அதுதான், ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நிற்கும் விதம் அதேதான்.

பிறகு குட்டிதான் தொடங்கினாள்.

"அம்மா போனப்போ, இனிமே வந்து என்ன பண்ணப்போறன்னு கேட்டியே. கோவமாக்கா?"

"கோவமா?"

"நான் லேட்டா கிளம்பிட்டேன்னு. நான் வேணாம்னு."

இத்தனை நாளாக அந்தப் பிள்ளை இதையா சுமந்துகொண்டு திரிந்தது?

"உன்னை அந்தத் தரையில இன்னொரு ராத்திரி படுக்க விடக் கூடாதுன்னு சொன்னேன்டி. அது மட்டும்தான் என் மனசுல இருந்துச்சு. உனக்குக் குளிரு ஆகாதே."

கண்ணாடிக்குப் பின்னால் அந்த உருவம் குனிந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. சத்தம் மட்டும் காதுக்குள், ஆள் அந்தக் கோடியில். கணவர் இரண்டு கார்களுக்கு அப்பால் போய் நின்றுகொண்டார். போனுக்குள் குட்டியின் விமானத்துக்குக் கடைசி அழைப்பு என்று அறிவிப்பு ஒலித்தது. "போய்ட்டு வர்றேன்க்கா" என்றாள். கண்ணாடியிலிருந்து கை விலகியது. பெரிய பெரிய விமானங்கள் அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போயின. எதில் அவள் இருக்கிறாள் என்று தெரியாததால் எல்லாவற்றையும் அக்கா பார்த்தாள். பிறகு கணவனும் மனைவியும் கீழே நிறுத்தியிருந்த தங்கள் காருக்குள் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். புது விரிப்புப் போட்ட கட்டிலில் அன்றைக்கு அவள் படுக்கவில்லை, சோபாவிலேயே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் குட்டி போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. அவள் சேர்ந்தாள், பெட்டி சேரவில்லை. மாமியார் வீட்டில் நாத்தனாரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாளாம்.

அதற்கு அடுத்த நாள் காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் ஒரு பழுப்புப் பெட்டியை இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்குக் கொடுக்கச் சாமான் இருந்ததால், வழியில் தவறினாலும் அக்காவிடமே போய்ச் சேரட்டும் என்று குட்டி அவள் முகவரியை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியில் கட்டியிருந்தாள். அவசரத்தில் பெட்டி விமானம் ஏறாமல் தங்கிவிட்டது. கம்பெனி ஒட்டிய சீட்டு எங்கோ கிழிந்துவிட்டது. மிச்சமிருந்த முகவரிக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

குட்டியைக் கூப்பிட்டுச் சொன்னாள். "திறந்து பாருக்கா. உனக்கு வாங்கினதெல்லாம் எடுத்துக்க" என்றாள் அவள்.

பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்துத் திறந்தாள். அக்காவுக்கு ஒரு கைப்பை, மாமாவுக்கு முதுகுக்குப் போடும் பட்டை. அவற்றைத் தனியே வைத்துவிட்டு மற்றவற்றைப் பார்த்தாள். முழங்கால் உறை ஒரு ஜோடி, நன்றாகப் புழங்கியது. படிக்கும் கண்ணாடி. தலைமுடிக்குச் சாயம். பாதி பிதுக்கிய வலி மருந்து. போனில் முகத்தை மட்டும் காட்டியவள் இதையெல்லாம் காட்டவே இல்லை. சட்டைகள் பெரிது பெரிதாக இருந்தன. ஒல்லிக்குச்சியாகப் போனவள் எப்போது இப்படிப் பருத்தாள்? முழங்கால் எப்போதிலிருந்து வலிக்கிறது? ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, நீவி, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள்.

விமானக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தவறுதலாகக் கொடுத்துவிட்டோம், இன்றே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பல்லக்கா வாழ்நாளில் அதிகம் பொய் சொன்னவள் இல்லை. இன்று நான் வீட்டில் இல்லை என்றாள். மறுநாள் கேட்டதற்கு, தவிர்க்க முடியாத காரணங்களால் இன்றும் தாமதம் என்றாள். கணவர் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு ராத்திரி பெட்டி கட்டிலில், குட்டிக்கென்று விரித்த பக்கத்தில் இருந்தது. அவள் இந்தப் பக்கம் படுத்திருந்தாள்.

மூன்றாம் நாள், நாத்தனாரின் உடுப்பில் தங்கை படும் பாட்டை நினைத்து, கொடுத்தனுப்பினாள். வேன் தெருமுனை திரும்பியதும் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கக் கிளம்பினாள். அடுத்த வருஷ லீவுக்கு அவளே போவதாக முடிவு. விமானம் எத்தனை மணி நேரம் தாமதமானாலும் சரி, எந்த ஊர்த் தரையில் படுக்க வேண்டி வந்தாலும் சரி. பாஸ்போர்ட் இப்போது பீரோவில் இருக்கிறது. டிக்கெட் இன்னும் போடவில்லை.

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று குட்டி கூப்பிட்டாள்.

"எல்லாம் இருக்குக்கா. ஒரு நீலச் சட்டை மட்டும் காணோம்."

"அவங்க அப்படித்தான். புகார் குடு" என்றாள் பல்லக்கா.

அந்தப் பக்கம் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

"புகாரெல்லாம் வேணாம். ஆனா அது உனக்குக் கை தொளதொளன்னு இருக்குமே."

"மடிச்சு விட்டுக்கிட்டேன்" என்றாள் அக்கா.