அண்ணியின் இடது கால்

ஆஸ்பத்திரி ஜீப்பில் நான் உட்காரும் லட்சணத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கதவோரமாக, பாதி உடம்பு இருக்கையில், பாதி வெளியே. மடியில் ஒரு மரக்கட்டை. மலை ஏறும்போது வண்டி மூச்சடைத்து நின்றுவிட்டால், நான் குதித்து ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் அந்தக் கட்டையைச் செருக வேண்டும். நர்ஸுக்குப் படித்தவளுக்குக் கூடுதலாகக் கிடைத்த உத்தியோகம் இது. 'தொடைநடுங்கி' என்ற பட்டம் இலவசம்.

பட்டம் கொடுத்தது டிரைவர். டிரைவர் வேறு யாருமில்லை, என் அண்ணன் மனைவி. கல்யாணமான புதிதில் அண்ணனின் லாரியில் துணைக்குப் போனவள், அவர் தூங்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தாள், பிடித்த பிடியை அப்புறம் விடவே இல்லை. அண்ணனுக்குக் கண் மங்கியதும் லாரி போயிற்று. இப்போது அவர் வீட்டில் சமைக்கிறார், அண்ணி சம்பாதிக்கிறாள். குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் வாய் திறக்கமாட்டாள். அவள் கியர் மாற்றுவதை மட்டும் யாராவது குறை சொல்லிப் பார்க்கட்டும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

மேலே இருக்கும் குடியிருப்புகளுக்குத் தடுப்பூசிப் பெட்டியையும் மருந்தையும் என்னையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. அந்தப் பாதையைப் பாதை என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை. மண், கல், மழை அரித்த பள்ளம். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. ஏறும்போது என் பக்கம் சுவர் இருக்கும். இறங்கும்போது அந்த ஒன்றுமில்லாதது என் பக்கம் வந்துவிடும். அப்போது நான் மருந்துப் பெட்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டு வருவேன்.

"கண்ண மூடிக்கோயேன்டி" என்பாள் அண்ணி.

"மூடினா இன்னும் நல்லாத் தெரியுது அண்ணி."

ஒரு நாள் வழுக்குப் பாறை வளைவில் வண்டி நின்றுவிட்டது. அந்த இடத்தில் அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ஏற்ற வேண்டும். அண்ணிக்கு அது தண்ணீர் குடிக்கிற மாதிரி. அன்றைக்குக் கிளட்ச் படக்கென்று விட்டுவிட்டது. என்ஜின் அணைந்தது, வண்டி பின்னால் உருண்டது. நான் கட்டையோடு குதித்துச் செருகினேன். சக்கரம் கட்டையில் ஏறி, ஒரு கணம் யோசித்து, நின்றது.

திரும்பி ஓடிவந்து கதவைத் திறந்தபோது அண்ணி என்னைக் கவனிக்கவில்லை. இடது முழங்காலுக்கு மேலே துணியைக் கொத்தாகப் பிடித்து, காலைக் கையால் தூக்கி, கிளட்ச் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். யாரோ வேறொருவர் காலைத் தூக்கி வைப்பது போல வைத்தாள்.

குனிந்து அந்தக் காலைப் பார்த்தேன்.

"கால்ல என்ன அண்ணி?"

"மரத்துப்போச்சு. உக்காந்தே இருந்தா யாருக்கும் மரத்துப்போகும். ஏறு."

ஏறினேன். வேறு என்ன செய்வது, நடுமலையில். ஆனால் அன்று மாலை வீட்டு வாசலில் அவள் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள். இடது செருப்பு எங்கே கழன்றது என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணனோடு அவள் ஏதோ வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் கீழே உட்கார்ந்து ஊசியின் முனையால் அந்தப் பாதத்தில் மெதுவாகக் குத்தினேன். பேச்சு நிற்கவில்லை. இன்னும் அழுத்திக் குத்தினேன். அண்ணி சிரித்தபடி அண்ணனிடம் டம்ளரை நீட்டினாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். ஆக்சிஜன் சிலிண்டரைத் தனியாகத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். அன்றிலிருந்து இடது கால் சொன்ன பேச்சு கேட்பதில்லையாம்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம் அண்ணி."

"சொன்னா சாவிய வாங்கி வெச்சுக்குவாங்க. அப்புறம் நானும் உங்க அண்ணனும் அடுப்படியில ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? எனக்கு வேற என்னடி தெரியும்?"

கோபமாகத்தான் சொன்னாள். குரல் மட்டும் நடுவில் எங்கேயோ உடைந்தது. அண்ணி பயந்து நான் பார்த்ததே இல்லை. அவளும் பயப்படுகிறாள் என்று தெரிந்ததும் என்னிடம் இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வேறு வண்டி வாங்க ஏற்பாடு ஆயிற்று. வண்டி புரோக்கர் இரண்டு பழைய வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டுக்கும் நான்கு சக்கரமும் இழுக்கும். ஒன்று கியர் வண்டி, இன்னொன்று ஆட்டோமேட்டிக். டாக்டரம்மா அண்ணியைக் கூப்பிட்டு, "ஓட்டப் போறது நீங்க. நீங்களே சொல்லுங்க" என்றார்.

அண்ணி யோசிக்கக்கூட இல்லை. "கியர் வண்டிதான் டாக்டரம்மா. இறக்கத்துல முதல் கியர்ல போட்டா என்ஜினே வண்டியப் பிடிச்சுக்கும். பேட்டரி செத்தாலும் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம். ஆட்டோமேட்டிக் மேல நின்னுபோச்சுன்னா அதப் பிரிச்சுப் பாக்க அங்க யாரு இருக்கா?"

சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் எனக்கு எரிச்சல். தன் இடது காலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"கிளட்ச யார் மிதிக்கிறது? நானா?"

"ஆட்டோமேட்டிக் கேட்டா, ஏன்னு கேப்பாங்க. இத்தன வருஷம் கியர் கியர்னு பேசினவ திடீர்னு மாறினா யாருக்குத்தான் சந்தேகம் வராது?"

"அந்த வண்டிய ஒரு தடவ மேல ஏத்திப் பாருங்க. இல்லன்னா நான் இப்பவே உள்ள போயி எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தொடைநடுங்கிக்கு வாய் வந்துடுச்சு" என்றாள். ஒப்புக்கொண்டாள்.

புரோக்கர் பின்னால் உட்கார, வண்டி ஏறியது. பழக்கதோஷத்தில் நான் கட்டையை மடியில் வைத்திருந்தேன். வழுக்குப் பாறை வளைவு வந்தது. அண்ணி ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தினாள், அவ்வளவுதான். திணறல் இல்லை, உறுமல் இல்லை, பின்னால் உருளவில்லை. அண்ணியின் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. இடது கால் ஓரமாகச் சும்மா கிடந்தது. வளைவு தாண்டியதும் அவள் முகத்தைப் பார்த்தேன். பிடித்துப்போயிற்று. காட்டிக்கொள்ளக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இருந்தாலும் இறங்கும்போது பாக்கணும்" என்றாள்.

இறங்கும்போது தூறல். ஒன்றுமில்லாத பக்கம் என் பக்கம் வந்திருந்தது. அண்ணி இழுவையைக் கூட்டும் சின்ன லீவரை லோவில் தள்ளி, பெரிய லீவரை இருப்பதிலேயே குறைந்த கியரில் போட்டாள். வண்டி சாதுவாக இறங்கியது. நான் பெட்டிப் பூட்டைப் பார்த்தபடி இருந்தேன். மேலேயிருந்து ஒரு கல் பெயர்ந்து பாதை நடுவே வந்து விழுந்தது.

கியர் வண்டி ஓட்டியவர்களுக்குத் திடீரென்று நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு காலும் சேர்ந்து போகும். வலது கால் பிரேக்குக்கு, இடது கால் கிளட்சுக்கு. யோசித்துச் செய்வதில்லை. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் கிடையாது, பிரேக் பெடல்தான் அகலமாக இருக்கும். அத்தனை நாள் சொன்ன பேச்சு கேட்காத அந்த இடது கால், அன்றைக்கென்று பார்த்துப் பாய்ந்துபோய் அந்தப் பெடலில் ஏறியது.

நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டன. வண்டி நிற்கவில்லை, சறுக்கியது. கல்லை உரசிக்கொண்டு, மூக்கை என் பக்கம் திருப்பிக்கொண்டு சறுக்கியது. ஜன்னலில் மரங்களின் உச்சி தெரிந்தது.

"அண்ணி, பிரேக்க விடுங்க!"

"விட்டுட்டேன்டி!"

"விடல அண்ணி!"

"விட்டுட்டேன், கால எடுத்துட்டேன்!"

பொய் சொல்லவில்லை. வலது காலை எடுத்துவிட்டாள். இடது கால் பெடல்மேல் கல்லைப் போலக் கிடந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியவே இல்லை. நான் கட்டையை எறிந்துவிட்டுக் குனிந்து, லீவருக்கு அந்தப் பக்கம் கையை விட்டு, அந்தக் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது அவ்வளவு கனக்கும் என்று நான் நினைக்கவில்லை. காலும் நானும் சேர்ந்து பின்னால் விழுந்தோம்.

சக்கரங்கள் உருண்டன. உருண்டதும் ஸ்டியரிங் பேச்சைக் கேட்டது. அண்ணி மலைப்பக்கம் திருப்பினாள், என்ஜின் பிடித்துக்கொண்டது, வண்டி ஒன்றுமே நடக்காதது போல நடைவேகத்தில் இறங்கியது. சற்று அகலமான இடத்தில் நிறுத்தியதும் புரோக்கர் கதவைத் திறந்து இறங்கினார். பேயறைந்த முகத்தோடு, "நான் நடந்தே வந்துக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு மழையில் நடக்க ஆரம்பித்தார். அண்ணி என் கையில் இருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் அதை இன்னும் விடவில்லை என்று உறைத்தது.

"இங்க தொடுறியா இப்ப?" என்று கேட்டாள்.

"ஆமா அண்ணி."

"தெரியல" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்துத்தான் கிளம்பினோம்.

புரோக்கர் வந்து சேர்வதற்குள் அவளே டாக்டரம்மாவின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா போட்ட சத்தம் மருந்து கொடுக்கும் ஜன்னல் வரைக்கும் கேட்டது. சோதித்துப் பார்த்தார்கள். வலது கால் நன்றாக இருந்தது. இடுப்புக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். வேறு டிரைவரைத் தேடினார்கள். வந்தவர்கள் பாதையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். கடைசியில் ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கி அண்ணியிடமே கொடுத்தார்கள், இரண்டு நிபந்தனையோடு. இடது கால் பெடல் பக்கமே போகக்கூடாது. தினமும் காலையில் வலது காலை நான் சோதித்த பிறகுதான் சாவி.

அதனால் அண்ணி இப்போது இடது காலை மடித்து இருக்கையின் மேல் போட்டுக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்தவள் மாதிரி வண்டி ஓட்டுகிறாள். மடித்துவைப்பது என் வேலை. காலையில் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து அவள் கண்ணை மூடிக்கொள்வாள், நான் வலது காலில் ஒவ்வொரு விரலாகக் கிள்ளுவேன், எந்த விரல் என்று அவள் சொல்ல வேண்டும்.

போன வாரம் கட்டைவிரலைக் கிள்ளினேன்.

"சுண்டுவிரல்" என்றாள்.

சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். "சும்மா சொன்னேன்டி. உன் மூஞ்சியப் பாக்கணுமே!"

மறுபடி கிள்ளினேன். சரியாகச் சொன்னாள். திரும்பத் திரும்பக் கிள்ளினேன், எல்லாம் சரி. விளையாட்டாகத்தான் இருக்கும். அண்ணி அப்படிப்பட்டவள்தான். ஆனாலும் என்னால் சிரிக்க முடியவில்லை.

"அண்ணி, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுங்க" என்றேன். "இதுல ரெண்டு பெடல்தானே."

எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று துளைத்தெடுப்பவள் அவள். அன்று ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தன் வலது காலைப் பார்த்தாள். பிறகு இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றிவந்து, என் பக்கக் கதவைத் திறந்து ஏறினாள்.

இப்போது தினமும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள மேட்டில் பழகுகிறோம். ஸ்டியரிங் என் கையில். கதவோரமாக, பாதி வெளியே உட்கார்ந்துகொண்டு, "மெதுவாடி, மெதுவா" என்று அண்ணி கத்துகிறாள். கட்டை அவள் மடியில் இருக்கிறது.