பாலத்தூணில் தொங்கிய தட்டுகள்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஹோட்டல், லாரி, கட்டட வேலை என்று சுற்றி அடையாறு முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தேன். குப்பத்தில் வலை போட்டுவைக்கும் கொட்டகையில் படுக்கை. மழை பெய்தால் உட்கார்ந்தே தூங்குவேன்.

ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் ஒரு பெண், உடைந்த பாலத்தின் தூணில் இரண்டு கயிறு கட்டி, ஒன்றில் மேலாகவும் மற்றதில் ஆழத்திலும் பிளாஸ்டிக் தட்டுகளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தார். மாதம் ஒருமுறை அவற்றை மேலே இழுத்துக் கொடுப்பது என் வேலை. என்னென்ன வந்து ஒட்டியிருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு மறுபடி இறக்கச் சொல்வார். அவருடைய பட்டமே அந்தத் தட்டுகளில்தான் இருந்தது.

பெயர்களைச் சொல்லிக்கொண்டே படம் எடுப்பார். ஒட்டிய இடத்தை விட்டு நகராதவை செசைல். குஞ்சாக இருக்கையில் நீந்தித் திரியும்; ஓரிடத்தில் ஒட்டினால் அவ்வளவுதான். சுண்ணாம்பு ஓடு கொண்ட கொட்டலசு அந்த வகை. மெல்லிய வலைபோலப் படர்வது பிரையோசோவா. அதுவும் நகராது, ஆனால் தனி விலங்கில்லை, காலனி. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஸூவாய்ட் என்ற ஒரு குட்டி உயிர், தனித்தனி வாயோடு.

ஒருநாள் காலை மேல் கயிற்றை இழுத்தபோது தட்டுகள் வெறுமையாக வந்தன. எங்களைப் படகில் கூட்டிப்போகும் அண்ணன் சிரித்தார்.

"இன்னாம்மா, பளபளன்னு கீதா? நேத்து நான்தான் சுரண்டி வுட்டேன். அசிங்கமா ஒட்டிக்கினு இருந்துச்சு."

காசிமேட்டில் விசைப்படகுகளின் அடியைச் சுரண்டிய கை அவருடையது. நன்றியை எதிர்பார்த்து நின்றார்.

அந்தப் பெண் படகுப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணா, அதைத்தான் நான் வளர்த்தேன்."

"கொட்டலசையா? அத்தப் போயி யாராவது வளப்பாங்களா?" என்னைப் பார்த்தார். "டேய், நீ சொல்ல மாட்டே?"

"நீ கேட்டியா?"

"கொட்டலசு மட்டுமில்ல, காலனி எல்லாம் போச்சுண்ணா." அந்தப் பெண் அழுதார்.

"காலனியா? கே.கே. நகர்ல கீதே, அதுமாதிரியா?"

அழுகைக்கு நடுவே அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, ஆழத்தில் விட்ட இரண்டாவது கயிறு என்னாயிற்று என்று கேட்டார். கல்லில் மாட்டிக்கொண்டு வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன் என்றார் அண்ணன்.

நான் தண்ணீரில் இறங்கினேன். சாக்கடை நாற்றம், முழங்கையில் ஓடு கிழித்தது. கயிற்றை விடுவித்து மேலே கொண்டுவந்தேன். நான்கு தட்டுகள், பிரையோசோவா வலை கலையாமல் இருந்தன. அவர் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வச்சுப் பாதி எழுதலாம். மேலே இருந்ததை மட்டும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

புதுத் தட்டுகளை அண்ணனே கட்டினார். அதற்குப் பிறகு தூண் பக்கம் யார் வலையோடு வந்தாலும் கரையிலிருந்து கத்துவார்:

"அந்தாண்ட போ மச்சி! அந்தம்மாவோட பரீட்சை உள்ள ஊறிக்கினு கீது!"