பழைய கைப்பிடி திரும்பி வருகிறதாம்

போன சனிக்கிழமை குசினிக்குள் நின்று முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, மெல்பேர்னிலிருந்து செல்வி ஒரு படம் அனுப்பினாள். சரிந்த மரக் கைப்பிடியும் மெல்லிய குழலும் கொண்ட ஒரு கைத்துப்பாக்கி. கீழே ஒரு வரி: "நம்ம பழைய மாடல மறுபடியும் செய்யப் போறாங்களாம். கம்பெனிக்காரனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு."

கத்தியை வைத்துவிட்டு அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். வெள்ளிக்கிழமை விரதம் தவறாத ஒரு பெண்மணி துப்பாக்கிப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் கேட்கும். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தத் துப்பாக்கியை முதலில் கண்டபோது நான் சிட்னிக்கு வந்து இரண்டு வருடம். வெஸ்ட்மீட்டில் அண்ணாவின் வீட்டில் இருந்தேன். ஒரு மருத்துவமனையில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி நீக்கும் பகுதியில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "ஆயுதம் கழுவுறன்" என்பேன். சொல்லிவிட்டு நானே சிரிப்பேன். கேட்டவர்கள் சிரித்ததாக ஞாபகமில்லை. கோயம்புத்தூர்க்காரி செல்விக்கு எனக்குப் பக்கத்து மேசை. என் வயதுதான்.

ஒருநாள் யாருடைய பிறந்தநாளுக்கோ கட்டியிருந்த பலூன் ஒன்று வெடித்தது. எனக்கு நினைவு வந்தபோது மேசைக்கு அடியில் இருந்தேன். தட்டு கவிழ்ந்து, கத்தரிக்கோலும் இடுக்கியும் நிலமெல்லாம் சிதறிக் கிடந்தன. யாரோ சிரித்தார்கள். செல்வி குனிந்து, "மேல வர்றீங்களா, இல்ல நானும் உள்ள வரட்டுமா?" என்றாள்.

அன்று தேநீர் நேரத்தில் அவளுக்குச் சொன்னேன். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டுப் படலை வாசலுக்கு ஒரே சைக்கிளில் இரண்டு பேர் வந்து அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே கணக்குச் செய்துகொண்டிருந்தேன். இரண்டு சத்தம் கேட்டது. ஒரு பிஸ்டல். வந்தவர்கள் யார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு பதில் இருந்தது. ஒன்றும் மற்றதோடு பொருந்தவில்லை.

செல்வி தன் தேநீரையும் என் பக்கம் தள்ளி வைத்தாள். ஒரு கிழமை கழித்து, தயங்கித் தயங்கி, தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிஸ்டல் கிளப்புக்குப் போய் இலக்குச் சுடுவதாகச் சொன்னாள். கல்லூரியில் மாணவர் படையில் இருந்த நாளிலிருந்தே அந்தப் பழக்கமாம். "உங்ககிட்ட மறைச்சா நல்லா இருக்காதுன்னு தோணுச்சு. கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை. என் வாயிலிருந்து வந்த கேள்வி எனக்கே புதினமாக இருந்தது. "அதைக் கழட்டி உள்ளுக்குப் பாக்கலாமோ?"

முதல் இரண்டு ஞாயிறும் அவளுடைய காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருந்தேன். தூரத்தில் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் துள்ளியது. என்ன நம்பிக்கையோ, சீட் பெல்ட்டையும் கழற்றவில்லை. மூன்றாம் ஞாயிறு இறங்கி உள்ளே போனேன். கிளப்பின் பொறுப்பாளர் கென், கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறவர், மேசையில் ஒரு பிஸ்டலைக் கழற்றிப் பரப்பியிருந்தார். தையல் மெசின் எண்ணெய் மணம். அந்த மணம் வந்ததும் என் தோள் தானாகவே இறங்கியது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளை நானேதான் தைப்பேன். எண்ணெய் பட்ட இடத்தை மாவைப் போட்டு மறைப்பேன். அது வேறு கதை.

கென் ஒரு பழந்துணியால் துடைத்துவிட்டுப் பாகங்களைத் திரும்பப் பூட்டப் போனார். பள்ளங்களில் கரி அப்படியே இருந்தது. ஆயுதம் கழுவுகிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? "கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒரு பல் தூரிகையை எடுத்தேன். அரை மணித்தியாலம் ஆனது. ஒரு சுருள்வில், சில ஊசிகள், ஒரு குழாய். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு சின்னச் சாமானா எங்களுடைய வீட்டை அப்படியாக்கியது என்றும் இருந்தது. நான் அழவில்லை. கடைசி ஊசியையும் துடைத்து வைத்தேன். கென் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிக் கிளப்பின் துப்பாக்கிகளைத் துடைக்கும் வேலை உனக்குத்தான் என்றார்.

பிறகு, படிவம் நிரப்பி, அவருடைய கண்காணிப்பில் சுடவும் தொடங்கினேன். செல்வி அனுப்பிய படத்தில் இருந்தது அந்தத் துப்பாக்கிதான். அதன் கைப்பிடி என் சின்னக் கைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். ரவைக்கூட்டை, அந்த மேகசினை, விடுவிக்கும் பூட்டு கைப்பிடியின் அடியில். மற்றக் கையால் இழுத்தால்தான் கழலும். வேகமாகச் சுடுகிறவர்கள் அதைத் திட்டுவார்கள். எனக்கு அந்த நிதானம்தான் பிடித்தது. "ரவையை எடு" என்று நான் சொன்னால் செல்வி, "உப்புமாவா கிண்டப் போறீங்க? தோட்டான்னு சொல்லுங்க" என்பாள்.

அண்ணாவுக்கு மட்டும் சொல்லவில்லை. கார் பழகப் போகிறேன் என்று பொய் சொல்லியிருந்தேன். ஐந்து மாதமாகியும் எனக்குக் கார் ஓடத் தெரியாதது அவருக்குக் கவலையாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் பொலிசின் அனுமதிப் பகுதியிலிருந்து கடிதம் வந்தது. உறையில் லைசென்ஸ் என்ற சொல்லைக் கண்டதும், கார் லைசென்ஸ்தான் என்ற சந்தோசத்தில் அண்ணாவே உடைத்துப் படித்திருக்கிறார்.

நான் வேலை முடிந்து வந்தபோது கதிரையில் கடிதத்தோடு இருந்தார். "அப்பாவுக்கு என்ன நடந்ததெண்டு மறந்திட்டியோ?" என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மறக்கேல்லை அண்ணா. அதாலதான் போறன். கழட்டிப் பூட்டத் தெரிஞ்சாப் பிறகு அது எனக்கு ஒரு சாமான்தான். முந்தி அப்பிடி இல்லை."

அவர் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். ஞாயிறு காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வாறன்."

அங்கே வந்து என் பின்னால் கை கட்டி நின்றார். நான் ஐந்து சுட்டேன். கடைசிக் குண்டு போனதும், விதிப்படி ரவைக்கூட்டைக் கழற்றி, துப்பாக்கியைத் திறந்து பிடித்தபடி நின்றேன். கென் வந்து உள்ளே பார்த்து, வெறுமை என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். மறுபடி ஐந்து. மறுபடி வந்து பார்த்தார்.

"ஒவ்வொரு முறையும் பாக்கினமோ?" என்று அண்ணா கேட்டார்.

"ஓம். ஆர் சுட்டாலும்."

அண்ணா கென்னின் முதுகைப் பார்த்தார். "அங்கை ஊரிலை ஒருத்தரும் வந்து பாக்கேல்லை" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பி வரும் வழியில், "அடுத்த ஞாயிறும் நானே கூட்டிக்கொண்டு வாறன். நீ கையோட காரும் பழகு" என்றார். அவர் ஒருநாளும் சுடவில்லை. ஆனால் நான்கு வருடம் அந்தப் பின்வரிசை வாங்கிலில் இருந்து, எனக்குப் புள்ளி குறைந்தால் காற்றைத் திட்டினார்.

பிறகு கம்பெனி அந்த வடிவத்தை நிறுத்திப் புதிதாக ஒன்றை விட்டது. கிளப்பும் பழையவற்றைக் கொடுத்துவிட்டு அதையே வாங்கியது. தடித்த பிளாஸ்டிக் கைப்பிடி. பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் விழுந்துவிடும். என் விரல் அந்தப் பொத்தானை எட்டவில்லை. மகளும் பிறந்தாள். விட்டுவிட்டேன். இப்போது செல்வி அனுப்பிய படத்தை என் கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்த்த அண்ணா, "உன்ரை கைக்குத்தானே செய்யிறாங்கள். பிறகென்ன, போவம்" என்கிறார். மெல்பேர்னின் நோபல் பார்க்கில் தன்னுடைய கிளப்புக்காரர்கள் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருப்பதாகச் செல்வி எழுதியிருக்கிறாள். தைப்பொங்கலுக்கு எல்லோரும் அங்கே போகிறோம். மகளும் வருவாளாம், பார்க்க மட்டும்.

எங்களுடைய பழைய கிளப் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். கென் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார். போன மாதம் இங்கே சிட்னியில், பெண்டில் ஹில்லில் ஒரு கொத்துரொட்டிக் கடையில், நண்பர்களோடு இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு எழும்பும்போதுதான் கவனித்தேன்: அவ்வளவு நேரமும் வாசலுக்கு முதுகு காட்டி இருந்திருக்கிறேன். பதினொரு வயதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் வாசலைப் பார்க்கிற கதிரையைத் தேடித்தான் இருப்பேன். அந்தப் பழக்கம் எந்த வருடம் என்னை விட்டுப் போனதென்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.